வெண்டல் தலையணையில மட்டும் பெய்யுற மழை

...மூணாவது தடவை தம்பி! நாங்க குடியிருக்கிற இந்த வீட்டு வண்டியோட இதே ஒழுகுற கூரை, இதே பசை, இதே மனுஷன். அங்க பாருங்க, வண்டி மேல மண்டி போட்டுக்கிட்டு, காத்து போற மூடியச் சுத்திப் பழைய பசையச் சுரண்டுறாரு. என் வீட்டுக்காரர், வெண்டல்னு பேரு. நாப்பத்தோரு வருஷமா எங்கிட்ட மாட்டிக்கிட்டு இருக்காரு. உக்காருங்க, காபி ஊத்துறேன். நேத்துதான் பக்கத்துல வண்டிய நிறுத்தினீங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?

இந்த அரிசோனாவுல மழை என்னமோ வருஷத்துக்கு நாலு நாளுதான். பிப்ரவரியிலேர்ந்து அந்த நாலு நாளும் இவரு தலையணையிலதான் பெய்யுது! என் பக்கம் ஒரு சொட்டு கிடையாது. நான் சிரிச்சுட்டேன். அது தப்பாப் போச்சு. மனுஷன் சுருக்குன்னு கோவப்பட்டு, வண்டி விற்பனைக்குன்னு எழுதி ஒட்டிட்டாரு. சனிக்கிழமை யூமா ஊர்லேர்ந்து ஒருத்தன் வண்டியப் பாக்க வரான். நாளைக்கு மழையாம். ஒழுகலேன்னா விக்கல, ஒழுகினா வித்துட்டு மக வீட்டுக்குன்னு பேச்சு. வடக்க துலூத் ஊர்ல தம்பி, பனிக்குள்ள, அவ வீட்டு நிலவறையில... நினைச்சாலே எனக்கு அழுகை வருது. இந்த வண்டிதான் எனக்கு வீடு.

கூரையப் பத்தி உனக்கு என்னடி தெரியும்ங்கிறாரு. ஏன் தெரியாது? போன கிறிஸ்துமஸுக்கு இங்க வண்டி அலங்காரத்துல முதல் பரிசு யாருக்கு? எனக்கு! கூரை மேல தகரத்துல ஆளுயரக் கள்ளிச்செடி, சுத்திச் சிவப்பு விளக்கு, தலையில சான்டா தொப்பி. அந்தப் பாலைவனக் காத்துல எல்லார் பொம்மையும் பறந்துச்சு, என்னுது அசையலையே.

எப்படின்னா கேக்குறீங்க? மெதுவாப் பேசுங்க. கயித்துல கட்டினேன்னு இவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நாலு திருகாணி தம்பி, நானே ஏறி முடுக்கினேன்... கூரையிலதான், வேற எங்க... ஆமா, கூரை மேல போத்தியிருக்கிற ரப்பர்லதான்... பின்பக்கம், படுக்கைக்கு மேல... சேச்சே, அப்படியே விடுவேனா? ஜனவரியில சுத்தமாக் கழட்டிட்டேனே.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

...அடக் கடவுளே. நாலு ஓட்டை.

இருங்க, எங்க எந்திரிச்சுப் போறீங்க? ஏணிப் பக்கம் போகாதீங்க தம்பி, நானே சொல்லிடறேன்... ஏங்க... ஏங்க, அந்த மூடிய விடுங்க. பின்னால வந்து பாருங்க, உங்க தலையணைக்கு நேர் மேல நாலு ஓட்டை இருக்கும். யார் போட்டதா? மொதல்ல அடைங்க, அப்புறம் சொல்றேன்... ஆமா, கள்ளிச்செடிதான்... ஆமா, நான்தான்.

சிரிக்கிறீங்களா? அப்போ அந்த யூமாக்காரன வர வேணாம்னு சொல்லிடுங்க. நாளைக்கு மழையில அந்தப் பக்கம் நானே படுத்துக்கறேன்.