உண்மை பேசுகிறவரின் மனைவி

— அவ்வளவு நேரம் பேசினாரே டொக்டர். வயித்துப் புண்ணு, காரம் சாப்பிடக் கூடாது, இத ரெண்டையும் சொல்லவா அவ்வளவு நேரம்?

— சிங்களத்துல சொன்னா கொஞ்சம் நீளும், சீதா. ஜன்னல் பக்கம் நல்லா சாஞ்சிக்க. பஸ் குலுக்குது.

— நீங்க அவருகிட்ட ஒண்ணுமே கேக்கலையே. தலைய மட்டும் ஆட்டுனீங்க.

— கேக்க என்ன இருக்கு? தத்துவப்படி பாத்தா, நோயிங்கிறது உடம்புக்கு. மனசத் தொட விடாம வச்சிக்கிட்டா போதும். நீ என்னடான்னா, நர்ஸ் மிஸ்ஸி உன் புருசன் பேரக் கேட்டதுக்கே முழிச்சிக்கிட்டு என் பக்கம் கையக் காட்டுற.

— தமிழ்ல கேட்டிருந்தாலும் கையத்தான் காட்டியிருப்பேன். புருசன் பேரப் பொண்டாட்டி சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்.

— இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு எத்தன ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசியிருக்கேன்.

— பேசுனீங்க. இருந்தும் சொல்ல வாய் வரல. பெல்மதுளை வந்தா சொல்லுங்க.

— அங்க உனக்கு யாரு இருக்கா?

— யாரும் இல்ல. வளைவுல ஒரு பச்சைக் கேட்டு வீடு இருக்கும். இன்னும் இருக்கான்னு பாக்கணும்.

— சரி. நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். நீ கொஞ்ச நாள் கொழுந்து எடுக்க மலைக்குப் போக வேணாம். நம்ம சுஜீதா உனக்குப் பதிலா பேரு போடட்டும்.

— சுஜீதாவா? டிசம்பர்ல அவளுக்குப் பரீட்சை.

— பரீட்சை அடுத்த வருசமும் வரும். வீட்டுல ஒருத்தர் பேராவது தோட்டத்துச் செக்ரோல்ல இல்லன்னா நாம இருக்குற லயத்துக் காம்பராவத் திருப்பிக் கேப்பான். கம்பெனிக்காரன் வந்ததுல இருந்து நடக்குறது உனக்குத் தெரியாதா?

— உங்க பேரப் போட்டா?

— நானா? தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியக் கீழ வச்சிட்டு வெளிய வந்தவன் நான். விடிஞ்சதும் பிரட்டுக்களத்துல நின்னு, கங்காணி பேரக் கூப்பிட்டதும் கையத் தூக்குறவன் சுதந்திர மனுசன் இல்ல. முக்தார் முதலாளி கடையில வேலைன்னாலும் எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.

— முதலாளி கூப்பிட்டா போக மாட்டீங்களா?

— அது வேற.

— ம். அது வேற.

— கொஞ்ச நாள்தானே, சீதா.

— கொஞ்ச நாளுக்கு யாராவது புள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டுவாங்களா? மருந்துத் துண்டக் காட்டி லீவு எடுத்தா முடிஞ்சிச்சு.

— டிக்கட் உங்கிட்டயா இருக்கு?

— உங்க சட்டைப் பையில இருக்கு. அழகம்மாக்கா மகன் கொழும்புல கட்டடத்துல இருந்து விழுந்து செத்தானே, ஞாபகம் இருக்கா?

— இப்ப எதுக்கு அந்தக் கதை?

— ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொல்லி வைப்போம், சவம் வந்தப்பறம் பாத்துக்குவோம்னு லயமே சேந்து மறைக்கப் பாத்துச்சு. நீங்கதான் விடல. உண்மைய மறைக்கிறவன் அடுத்தவன் வாழ்க்கையத் திருடுறான்னு சொல்லிட்டு, நேரா போயி அவங்க முகத்தப் பாத்துச் சொன்னீங்க.

— அது சரிதானே.

— இன்னைக்கும் உங்களக் கண்டா அவங்க முந்தானைய முகத்துல போட்டுக்குவாங்க. ஆனா எனக்கு அன்னைக்குப் பெருமையா இருந்துச்சு. பயமில்லாத ஆளக் கட்டியிருக்கேன்னு.

— உண்மையும் மருந்து மாதிரிதான். ஆளப் பாத்து அளவு குறைக்கணும்.

— இது எந்த ஞாயித்துக்கிழமை பேசினது?

— இப்பத்தான் தோணுச்சு.

— பஸ்ஸுல ஏறின பொறவா?

— பெல்மதுளை வந்துருச்சு பாரு.

— பாத்துட்டேன். கேட்டு அதேதான். துரு ஏறியிருக்கு.

— யாரு வீடு அது?

— சொல்றேன். முதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. சாகுற மாதிரி ஒரு நோய் எனக்கு வந்தா, மறைக்காம எங்கிட்ட சொல்லுவீங்களா?

— ஏன் இப்படியெல்லாம் கேக்குற?

— கூட்டத்துல யாராவது கேட்டா பதில் சொல்லுவீங்கதானே.

— சொல்லுவேன்.

— கட்டாயம்?

— கட்டாயம். இது வெறும் வயித்துப் புண்ணு, சீதா. வெறும் புண்ணு. நீ அந்த வீட்டுக் கதையச் சொல்லு.

— சின்னப் புள்ளையா இருக்கயில என்னைய அங்கதான் கொண்டுபோயி விட்டாங்க. பாத்திரம் கழுவ, கொழந்தை பாக்க. பெரிய மனுசி ஆகுற வரைக்கும் அங்கதான். சிங்கள வீடு. தமிழ்ல ஒரு வார்த்தை பேசினா வீட்டுக்கார நோனா அகப்பைக் காம்பால அடிக்கும். திரும்பி வந்தப்ப எனக்குத் தமிழ்தான் திக்குச்சு. வீட்டு வேலைக்கு நின்ன புள்ளைன்னு தெரிஞ்சா யாரும் கட்ட மாட்டாங்கன்னு, அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு.

— சீதா...

— அதான் கடைத்தெருவுலயும் அரசாங்கக் கந்தோருலயும் உங்க முதுகுக்குப் பின்னால நின்னுக்குவேன். நீங்க பேசுவீங்க. இன்னைக்கும் அப்படித்தான் நின்னேன்.

— அப்ப டொக்டர் சொன்னது...

— வயித்துல புத்து, ஒப்பரேசன் செஞ்சும் பிரயோசனம் இல்ல, ஈரல் வரைக்கும் பரவிருச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஆசைப்பட்டதக் குடுங்கன்னாரு. நல்ல மனுசன். மெதுவாத்தான் சொன்னாரு.

— எனக்கு வாய் வரல, சீதா. என்ன செய்யச் சொல்ற?

— அதுக்கு நான் கோவிக்கல. பொய் சொன்னது எனக்காக. சுஜீதா பேரச் சொன்னது உங்களுக்காக.

— அப்படிச் சொல்லாத.

— ஓப்பநாயக்க வருது. எறங்கினதும் முதலாளிகிட்ட சொல்லிட்டு வாங்க. நான் பஸ் ஸ்டான்டுல உக்காந்திருக்கேன்.

— என்னன்னு சொல்ல?

— ஆசைப்பட்டதக் குடுக்கச் சொன்னாருல்ல டொக்டர்? நாளைக்குப் பிரட்டுல கங்காணி எம் பேரக் கூப்பிடக் கூடாது. எம் மக பேரையும் கூப்பிடக் கூடாது. குமாரவேல்னு கூப்பிடணும்.

— எம் பேரச் சொல்லிட்டியே, சீதா.

— ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டேன். நீங்க கையத் தூக்கப் பழகிக்குங்க.