பதினாலாம் நம்பர் வவ்வாலுக்குச் சளி

ராலிட்சா: இன்னொரு தடவை எண்ணிப் பாரு போய்கா அக்கா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எண்ணு.

போய்கா: நான் எங்கேடி எண்ணினேன்? கம்ப்யூட்டர்தான் எண்ணுது. இருபத்தேழாயிரம் மரபணு எழுத்துல நாலே நாலுதான் வித்தியாசம்.

ராலிட்சா: நாலு! நம்ம குகை வவ்வாலோட வைரஸுக்கும் ஊர்ல மனுஷனுக்கு வர்ற சளி வைரஸுக்கும் நாலே எழுத்து! அக்கா, சளியோட மூதாதையைப் பிடிச்சுட்டேன்!

போய்கா: மூதாதையா...

ராலிட்சா: அது ஆதியில வவ்வால்கிட்டேருந்து வந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க. எந்த வவ்வாலுன்னுதான் தெரியல. நம்ம பதினாலாம் நம்பர்! ஸ்ட்ரான்ஜா மலைக்காரன்!

போய்கா: மெதுவாப் பேசு. யார்கிட்டயாவது சொல்லிட்டியா?

ராலிட்சா: பேராசிரியர்கிட்ட மட்டும்... அவர் பன்னெண்டு மணிக்கு சோபியாவுல பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டிருக்கார். என் மெயிலுக்குத்தான் காத்திருக்கார். பேருகூட வெச்சுட்டேன். 'ராலிட்சா ஒண்ணு'.

போய்கா: உன் பேரையா?

ராலிட்சா: மூணு வருஷமா வவ்வால் புழுக்கையை அலசிக்கிட்டிருக்கேன். ஒரு பேரு வெச்சுக்கக் கூடாதா?

போய்கா: வெச்சுக்கோ, வெச்சுக்கோ. ஆனா... உங்க கொள்ளுத்தாத்தா படம் பாத்திருக்கியா?

ராலிட்சா: பாத்திருக்கேன். மீசையைத் தவிர என்னை மாதிரியே இருப்பார்.

போய்கா: அந்தப் படத்துல அவரு உன் மச்சத்தோட, உன் சட்டையைப் போட்டுக்கிட்டு, அதுல இன்னிக்குக் காலையில நீ சிந்தின தயிரோட நின்னா?

ராலிட்சா: அப்போ அது நான்தான்.

போய்கா: அதான்! மூதாதைன்னா எழுத்து ஆயிரக்கணக்குல மாறியிருக்கணும். நாலுன்னா சில மாசக் கதை. இது மூதாதை இல்லடி. இந்த வருஷத்துச் சளி.

ராலிட்சா: சரி, வவ்வாலுக்கு மனுஷன்கிட்டேருந்து தொத்தியிருக்கு. அதுவும் பெரிய செய்திதானே!

போய்கா: எந்த மனுஷன்? இந்த வைரஸுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் யார்கிட்ட இருந்துச்சுன்னு கீழே போட்டிருக்கு பாரு. "புர்காஸ் நகரம். நாலு வயசுப் பெண் குழந்தை. மார்ச் மாசம்."

ராலிட்சா: புர்காஸா...

போய்கா: வவ்வால் பஸ் ஏறிப் போய் பாலர் பள்ளியில சேர்ந்துச்சா?

ராலிட்சா: பறந்து போயிருக்கலாம்.

போய்கா: மார்ச் மாசக் குளிர்ல! நாம தொடறப்பகூட கண்ணைத் திறக்காம தூங்கின ஜீவன்! ஏண்டி, முகம் வெளுத்துப்போச்சு?

ராலிட்சா: வெளிச்சம் அப்படி... இரு, வேன் ஓட்டற மெதோடி அண்ணன் கூப்பிடறார். ஸ்பீக்கர்ல போடறேன். அண்ணே, எப்படி இருக்கீங்க?

மெதோடி: காது நீளுது தங்கச்சி.

போய்கா: உனக்கு எப்பவும் அதே காதுதான். வேன் கதவைத் திறந்துக்கிட்டு இறங்கி வா.

மெதோடி: மாட்டேன். குகைக்குப் போனப்ப சோதனைக்குன்னு என் தொண்டையில எடுத்த குப்பியில வவ்வால் வைரஸ் இருக்குன்னு நீதானே காலையில சொன்னே? தலைகீழா தொங்கணும்போலவே இருக்கு. என் சம்சாரம் ஜன்னல் வழியா பூண்டும் ராக்கியா சாராயமும் குடுத்துட்டு ஓடிப்போயிட்டா.

போய்கா: எவ்வளவு குடிச்சே?

மெதோடி: மருந்தளவு. பாதி பாட்டில்.

போய்கா: இரு... இரு. வவ்வால் குப்பியில மனுஷச் சளி. மனுஷக் குப்பியில வவ்வால் வைரஸ்.

ராலிட்சா: மாறிப்போச்சுன்னு சொல்றியா? எப்படி மாறும்? லேபிள் ஒட்டினது நீதானே?

போய்கா: ஒட்டினேன்... குகையில சொட்டின தண்ணியில மை கரைஞ்சுபோச்சு. கடைசி நாலு குப்பிக்கு மட்டும்...

ராலிட்சா: மட்டும்?

போய்கா: மார்ச் மாசம் அதிர்ஷ்டத்துக்குன்னு கையில கட்டற சிவப்பு வெள்ளைக் கயிறு, அந்த என் மார்த்தெனிட்சாவைப் பிரிச்சு நூலைக் கட்டினேன். பதினாலாம் வவ்வாலுக்கு சிவப்பு. நமக்கு வெள்ளை. உனக்கு ஒரு முடிச்சு, எனக்கு ரெண்டு, மெதோடிக்கு மூணு.

ராலிட்சா: முதல் நாரையைப் பாக்கறதுக்கு முந்தியே மார்த்தெனிட்சாவைப் பிரிச்சியா!

போய்கா: அதுவா இப்போ உன் கவலை? நான் கட்டினது கச்சிதம். தானா அவுந்திருக்காது.

மெதோடி: சரி, நான் போனை வெச்சுடறேன்.

போய்கா: இரு மெதோடி, ஏன் இந்த அவசரம்?

மெதோடி: சிக்னல் சரியில்ல.

போய்கா: வேன் என் ஜன்னலுக்குக் கீழேதான் நிக்குது. நீ பூண்டு உரிக்கறது தெரியுது. சொல்லுடா.

மெதோடி: திரும்பி வர்ற வழியில நாரையைப் பாத்தேன். இந்த வருஷத்து முதல் நாரை. நீங்க ரெண்டு பேரும் பின்னாடி குறட்டை. வேனை நிறுத்தி என் மார்த்தெனிட்சாவைக் கழட்டி ஒரு பிளம் மரத்துல கட்டினேன்.

போய்கா: எல்லாரும் செய்யறதுதானே.

மெதோடி: பெட்டி சரியா மூடியிருக்கான்னு பாத்தேன்... உள்ளே குப்பிங்க கழுத்துலயும் அதே நூல் கட்டியிருந்துச்சு.

ராலிட்சா: அண்ணே!

மெதோடி: நாரையைப் பாத்த பிறகும் கட்டியிருந்தா ஆகாதும்மா! உன் ஆராய்ச்சிக்கு நல்லது நடக்கட்டும்னுதான்...

போய்கா: நாலையும் கழட்டி மரத்துல கட்டிட்டியா?

மெதோடி: கட்டினேன். நாலு அடி நடந்ததும் உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. அவுத்துக்கிட்டு வந்து திரும்பக் கட்டிட்டேன். குத்துமதிப்பா.

போய்கா: குத்துமதிப்பா...

மெதோடி: அப்போ எனக்கு வவ்வால் நோய் இல்லையா? கதவைத் திறக்கலாமா?

போய்கா: திற. திறந்து தொலை. ராலிட்சா, மெயிலை நிறுத்து. சிவப்பு நூல் குப்பி நம்ம மூணு பேர்ல ஒருத்தர் தொண்டை. எனக்குச் சளி பிடிக்கல.

மெதோடி: அப்போ நான்தான்! வெறும் சளிதானே? வவ்வாலுக்கு எவ்வளவோ தேவலை. என் பேரை எழுதிக்கோ.

போய்கா: யோசிச்சுச் சொல்லு. சளியோட குகைக்குள்ள போனா வவ்வாலுக்குத் தொத்தும்னு, சளி இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தானே விட்டாங்க? ஆறு மாசம் வேலைக்கு வராதேன்னுடுவாங்க.

மெதோடி: ஆறு மாசமா... எனக்கு மூக்கு ஒழுகின ஞாபகமே இல்லையே. சரி, ஒழுகியிருக்கும். பூண்டு வாசனையில தெரியாம போயிருக்கும்.

போய்கா: மணி பன்னெண்டாகப் போகுது. மெதோடி தொண்டைன்னே பேராசிரியருக்கு எழுதிடறேன். என்ன சொல்றே ராலிட்சா?

ராலிட்சா: அண்ணன் பேரை அடிச்சுடு அக்கா... குகைக்குப் போறதுக்கு முந்தின வாரம் புர்காஸ்ல எங்க அண்ணன் பொண்ணுக்குப் பிறந்தநாள். கேக்குல இருந்த நாலு மெழுகுவத்தியையும் அவ ஊதல, துப்பித்தான் அணைச்சா. இருக்கறதுலயே பெரிய துண்டை நான்தான் தின்னேன். குகைக்கு விடமாட்டாங்களோன்னு மூக்கைப் பொத்திக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். இப்போ நானே பேராசிரியருக்கு போன் பண்றேன்... வைரஸுக்கு வெச்ச பேரை மட்டும் மாத்த வேண்டாம், அது சரியாத்தான் இருக்கு.