பெருங்காயம் மணக்கும் படகு

அங்க சாயாதீங்கண்ணே! சாயாதீங்க! அது சுவரு இல்ல, வெறும் ஓலை! போன மாசம் வரைக்கும் அங்க பலகை இருந்துச்சு, தேக்குப் பலகை, யானை வந்து முட்டினாலும் அசையாது. இப்ப சாஞ்சா நேரா பசுந்தாங் ஓடையிலதான் போய் விழணும். மில்லுல மூட்டை தூக்குற அய்யாசாமி இப்படித்தான், "தோசை ஜோர்"னு சொல்லிச் சாஞ்சாரு... தோசையோட போயிட்டாரு. ஆளை எடுத்துட்டாங்க. தோசை போனது போனதுதான்.

நடுவுல உக்காருங்க. பெஞ்சு லேசா ஆடும், பயப்படாதீங்க. அதோட வயிறு கொஞ்சம் வளைஞ்சது, அதான். சாக்கு விரிச்சிருக்கேன்ல, அதை மட்டும் நகட்டாதீங்க. ஏன்னு கேக்காதீங்க. சொல்றேன், சொல்றேன்... முதல்ல சாப்பிடுங்க.

இன்னிக்குத்தான் கப்பலை விட்டு இறங்குனீங்களா? பார்த்தாலே தெரியுதே, தரையில நிக்கும்போதும் ஆடிக்கிட்டே நிக்கிறீங்க. அப்ப உங்களுக்கு எங்க கதை தெரியாது. நல்லதாப் போச்சு! ரங்கூன்ல எல்லாரும் கேட்டுட்டாங்க, காளியம்மா வாயைத் திறந்தாலே செம்பைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க.

அதோ, கரையில பச்சைப் பெயிண்ட் அடிச்சு ஒரு எஞ்சின் படகு, போட்டுன்னு சொல்றாங்களே, அது தெரியுதா? சுத்திக் கூட்டமா நிக்கிறாங்களே... அதான் என் கடை.

சிரிக்காதீங்கண்ணே! என் வயிறு எரியுது. என் கடையோட சுவரு, நான் மாவுப் பானை வச்சிருந்த மேடை, முருகன் படம் வச்சிருந்த மாடம், எல்லாம் அங்க போட்டாகி மிதக்குது. இங்க மிச்சம் நானும் அடுப்பும். முருகனை எங்க மாட்டியிருக்கேன் பாருங்க, வெங்காய மூட்டைக்கு மேல. கும்பிடும்போதெல்லாம் எனக்குக் கண்ணுல தண்ணி வருது, பக்தியா வெங்காயமான்னு எனக்கே தெரியல.

கேளுங்க. அது முதல்லயும் போட்டுதான். அரிசி மில்லு மேனேஜர் துரையோடது. அவர் பேரு என் வாய்க்குள்ள நுழையாது, கூலி ஜனமெல்லாம் வேகத்துரைன்னுதான் சொல்றது. நடந்தா வேகம், தின்னா வேகம், கோவம் வந்தா அதைவிட வேகம். எஞ்சின் வச்ச அந்தப் போட்டுக்கு இங்கிலீஷ்ல பறக்கிற மீனுன்னு பேராம். நம்ம கடற்கரையில பறவைக்கோலான்னு சொல்லுவோமே, அதான். இங்க மங்கி பாயின்ட்டுத் துறையிலேருந்து அக்கரையில சிரியம் போயிட்டுத் திரும்புறதுல கோலாவை ஜெயிக்க இந்த ஆத்துல ஒண்ணு கிடையாது. ரெக்கார்டாம், பேப்பர்லயெல்லாம் போட்டாங்க. பறந்துச்சுண்ணே... பறந்து பறந்து, ஒரு மழைக்காலத்துல, தெப்பத்துலேருந்து அவுந்து வந்த தேக்குக் கட்டை மேல ஏறி இறங்கிருச்சு. சிதறு தேங்காயாப் போச்சு! துரை நீந்திக் கரையேறுனாரு. ஆனா தொப்பி மட்டும் தலையிலயே இருந்துச்சாம். எப்படித்தான் இருந்துச்சோ!

மனசு விட்டுப் போய்ச் சீமைக்குக் கப்பலேறிட்டாரு. போகும்போது எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எங்க வீட்டுக்காரர் படகுத் தச்சருண்ணே, "இந்தக் குப்பையை அடுப்புல வை"ன்னாரு. இவரு அடுப்புல வைக்கல, அடுப்பைச் சுத்தி வச்சுட்டாரு. எனக்குக் கடை கட்டிட்டாரு! கேக்காம செஞ்சாருண்ணே. ஒரு நாள் காலையில வந்து பார்க்கிறேன், கடை நிக்குது. "என்னங்க இது"ன்னா, "நீ வெயில்ல நிக்கிற"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான், அன்னிக்குப் பேச்சு முடிஞ்சுபோச்சு. நான் பேசுறதுல கால்வாசி கூட அவர் பேசமாட்டாரு.

பேரா? என்னண்ணே, கட்டின புருசன் பேரை எப்படி நான் என் வாயால சொல்றது! எங்க வீட்ல இன்னி வரைக்கும் "ஏங்க", "இந்தாங்க"தான். பொன்னுன்னு ஆரம்பிக்கும்... ஐயையோ, பாதி வந்துருச்சு! முருகா, பாதி சொன்னா பாவமில்ல. மீதிக்கு, தொப்பி போட்டவங்களை நாம என்னன்னு கூப்பிடுறோம்? அதைச் சேர்த்துக்குங்க. இன்னொரு தோசை போடுறேன், இருங்க.

எங்க விட்டேன்... ஆங். சீமைக்குப் போன மனுசன் திரும்பி வந்தாரு. வந்து பார்த்தா, மர டிப்போ துரை ஒருத்தர் புதுசா போட்டு இறக்கி, உன் ரெக்கார்டை உடைக்கிறேன் பாருன்னு நிக்கிறாரு. வேகத்துரைக்கு ரோசம் வந்துருச்சு. எனக்குப் பழைய கோலாதான் வேணும், புது மரம் ஒரு துண்டு கூட இருக்கக் கூடாது, அந்த மரத்துலதான் வேகம் இருக்குன்னு ஒரே பிடிவாதம். மரத்துல என்னண்ணே வேகம் இருக்கும்? என் சுவரா இருந்தப்ப ஒரு நாளாவது நகந்திருக்குமா?

அது இங்க இருக்குன்னு அவருக்கு யாரு சொன்னதுன்னு கேக்குறீங்களா? அது... யாரோ சொல்லிட்டாங்க. சரி, நான்தான். என்ன பண்றது! ரெக்கார்டு போட்டுல உக்காந்து தோசை சாப்பிட்டவன் ஆத்துல எங்கயும் முங்க மாட்டான்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். படகோட்டிங்க வரிசையில நின்னு சாப்பிட்டாங்க. துரை வீட்டு பட்லர் செபாஸ்டியன், அவனும் இங்கதான் தின்பான், அவன்கிட்டயும் அளந்துவிட்டேன். தின்ன வாயைத் துடைச்சுட்டு நேராப் போய்ச் சொல்லிட்டான். வாயைக் குடுத்து வம்பை வாங்கிட்டேன்.

அப்புறம் என்ன, தினம் ஒரு பலகை. எங்க வீட்டுக்காரர் வருவாரு, என் மூஞ்சியைப் பார்க்காம ஆணியைப் பிடுங்குவாரு, தூக்கிட்டுப் போவாரு. வேலை குடுக்கிற துரை, முடியாதுன்னு சொல்ல முடியுமா? ஆனா முதல் பலகை போன அன்னிக்கு நடந்த கூத்தைக் கேளுங்க. துரை அதை வாங்கி மோந்து பார்த்தாராம். எத்தனை நாள் சாம்பார் ஆவி குடிச்ச பலகை! பெருங்காயமும் நல்லெண்ணெயும் குப்புன்னு அடிச்சிருக்கு. உடனே துரை கண்ணை மூடிக்கிட்டு, "ஆகா, இதான் கோலா வாசம்! இதே வாசம்தான்!"னாராம். செபாஸ்டியன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அந்த மனுசன் என் சாம்பாரை வாயில வச்சதே இல்லண்ணே!

அது பத்தாதுன்னு, ஆத்துல கோலா மரம் யாருக்கு அகப்பட்டிருந்தாலும் கொண்டாங்க, இனாம் உண்டுன்னு தண்டோரா வேற. வந்துச்சு பாருங்க ஊரு! கட்டில் கால், உலக்கை, மாட்டுத் தொட்டி... இந்தத் தெரு உம்மு சல்மாவோட மாமியார் வீட்டுக் கதவையே கழட்டித் தலையில வச்சுக்கிட்டு வந்துருச்சு. துரை ஒவ்வொண்ணா மூக்கை வச்சு மோந்து பார்த்து, வாசம் இல்லன்னா போ போன்னு தள்ளிவிடுறாரு. ஜனத்துக்கு விசயம் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காஜா மைதீன் மளிகைக் கடையில பெருங்காயம் சுத்தமாத் தீந்துபோச்சு. சமையலுக்கு இல்லாம நான் அலையிறேன், அங்க உலக்கை மணக்குது! எங்க வீட்டுக்காரர்தான் மரத்தைத் தட்டிப் பார்த்து, வேணாம்னு தலையை ஆட்டி எல்லாத்தையும் திருப்பி அனுப்புனாரு.

என்ன? அந்த போட்டுல வாத்தா? அடடா, உங்க கண்ணுலயும் பட்டுருச்சா. ஆமா, வாத்துதான். நம்ம பக்கத்து வீட்டு மா தெய்ன் வளர்க்குறா, பர்மாக்காரப் பொண்ணு, தங்கமான பொண்ணு. அந்த வாத்துங்க நாலு நாளா போட்டுக்குள்ளயே போய் உக்காருது. விரட்டினா திரும்பவும் ஏறுது. துரைக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. நல்ல சகுனமாம், யாரும் விரட்டக் கூடாதாம்.

ஏன் ஏறுதுன்னா... அது வந்து... தோசை கருகுது, இருங்க.

அண்ணே, நீங்க ஊருக்குப் புதுசு, யாருகிட்டயும் சொல்லமாட்டீங்க. சொல்லமாட்டீங்கல்ல? சுவரு போச்சு, பொறுத்தேன். மேடை போச்சு, பொறுத்தேன். கடைசியா இந்த பெஞ்சு வேணும்னு வந்தாங்க. பெஞ்சும் போனா அப்புறம் கடைன்னு சொல்ல எனக்கு என்னண்ணே இருக்கு? வெயில்ல நின்னு தோசை விக்கிற பழைய காளியம்மாதானே? மாட்டேன்னு தோணிருச்சு. மா தெய்ன் வாத்துக்கூண்டுல ஏறி இறங்குறதுக்கு நீளமா ஒரு பலகை போட்டிருந்தா. கெஞ்சி வாங்கினேன். கொதிக்கிற எண்ணெயை ஊத்தித் தேய்ச்சேன், ஒளிச்சு வச்சிருந்த பெருங்காயத்தை அரைச்சு அப்பினேன், சாம்பாரை ரெண்டு கரண்டி தெளிச்சேன். பெஞ்சு மேல சாக்கை விரிச்சு மூடிட்டு, அந்தப் பலகையை வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். துரை மோந்தாராம், "எல்லாத்தையும் விட இதான் அசல்!"னு கட்டிப் பிடிச்சுக்கிட்டாராம். கட்டிப் பிடிச்சது வாத்து மிதிச்ச பலகை!

சிரிக்கலாம், சிரிங்க. நானும் மூணு நாள் சிரிச்சேன்.

எங்க வீட்டுக்காரருக்குத் தெரியலன்னுதான் நினைச்சேன். அன்னிக்கு அந்தப் பலகையைக் கையில வாங்கினாரு, விரலால ஒரு தட்டு தட்டினாரு. நான் இங்கேருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். நிமிந்து கடைப்பக்கம் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாருண்ணே. அப்புறம் அதையே போட்டுல வச்சு அறைஞ்சாரு. இடுக்குல பஞ்சைத் திணிச்சு, தண்ணி புகாம கலப்பத்து அடிச்சு, மேல பெயிண்டும் பூசிட்டாரு. ஊரான் உலக்கையைத் தட்டிப் பார்த்தே திருப்பி அனுப்புற மனுசனுக்கு இது தெரியாமலா போகும்? நான் ஒரு மண்டு, தப்பிச்சோம்னு இருந்துட்டேன்.

இன்னிக்கு விடியக் காலையில செபாஸ்டியன் வந்து, இட்லியை வாயில அடக்கிக்கிட்டு சாவகாசமாச் சொல்றான், "அக்கா, நாளைக்குப் பந்தய ஓட்டத்துல துரையோட முன்னாடி உக்காரப் போறது உங்க வீட்டுக்காரர்தான். போட்டைக் கட்டினவனே கூட வரணும்னு துரை சொல்லிட்டாரு, இவரும் சரின்னுட்டாரு"ங்கிறான். அப்பலேருந்து நாலு தோசையைக் கருக்கிட்டேண்ணே. இந்த பெஞ்சு என்னன்னு நினைச்சீங்க? கோலாவோட அடிப்பலகை! தண்ணி வந்து அறையுற இடம்! அந்த இடத்துல இப்ப இருக்கிறது, கையால அமுக்கினா குழி விழுற உளுத்த மரம். அது தெரிஞ்சும் சரின்னிருக்காரே! பொண்டாட்டி வெயில்ல நிக்கக் கூடாதுன்னு வாத்துப் பலகை மேல ஏறி உக்காரச் சரின்னுட்டாரே, அந்தப் பாவி மனுசன்! அவருக்கு நீந்தவும் வராதுண்ணே. படகு செய்யிறவருக்கு நீச்சல் தெரியாது, இதை நான் எங்க போய்ச் சொல்ல!

நாளைக்குத்தானே ஓட்டம். யோசிச்சு யோசிச்சு, ராத்திரிக்குள்ள மெதுவா அவர்கிட்ட சொல்லி, பெஞ்சைக் குடுத்து மாத்திடலாம்னு... குடுக்கத்தான் போறேன். மனசு ஆகணும்ல? இன்னிக்கு ஒரு நாள் வியாபாரத்தைப் பார்த்துட்டுன்னு... அட, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, சாப்பிடுங்க.

அது என்னண்ணே சத்தம்?

எஞ்சினா? எஞ்சினை ஏன் இப்ப... கூட்டம் ஏன் கை தட்டுது? வெள்ளோட்டமா! இன்னிக்கேவா! அந்த வேகம் புடிச்ச மனுசனுக்கு ஒரு நாள் பொறுக்காதா! ஐயையோ, முன்னாடி உக்காந்திருக்கிறது அவருதான். அவரேதான், துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு... கயித்தை அவுக்குறாங்களே! ஏங்க! ஏங்க! இந்தாங்க! எத்தனை பேரு திரும்புறாங்க பாருங்க, எல்லா வீட்டுலயும் "ஏங்க"தான் போல! அவரு மட்டும் திரும்பல. அண்ணே, நீங்க கூப்பிடுங்கண்ணே, உங்க குரல் பெரிசா இருக்கும்... வாயில தோசையை வச்சுக்கிட்டு முழிக்கிறீங்களே! முருகா, நீ மன்னிச்சுக்க, நீ வெங்காயத்துல இருந்தாலும் சரி...

பொன்னுத்துரை! யோவ், பொன்னுத்துரை! இறங்குய்யா! அது வாத்துக்கூண்டுய்யா! இறங்கு!

...திரும்பிட்டாரு. எந்திரிச்சு நிக்கிறாரு. வாயைப் பொளந்துட்டு என்னையே பார்க்குறாரு... பார்த்தது போதும், குதிங்க! குதிச்சுட்டாரு! கரையில நிக்கிறாருண்ணே, நிக்கிறாரு! நல்லா நிக்கிறாரு!

துரை மட்டும் கிளம்பிட்டாரா? எங்க கிளம்புறது, முக்குது. போட்டு உக்காருதுண்ணே... வாத்தெல்லாம் மிதந்து வெளிய வருது... அவ்வளவுதான், சேத்துல உக்காந்துருச்சு. முழங்கால் தண்ணிதான் அங்க. அதோ துரை எந்திரிச்சுட்டாரு. தொப்பி, அண்ணே, தொப்பியைப் பாருங்க! இப்பவும் தலையிலயேதான் இருக்கு!

சரி, எந்திரிங்க. தோசையை ஒரு கையில பிடிச்சுக்குங்க, சாக்கைத் தூக்கிப் போடுங்க, பெஞ்சை அந்தப் பக்கம் நீங்க தூக்குங்க, இந்தப் பக்கம் நான். கனமாத்தான் இருக்கும், அசல்ல அது! இறக்கத்துல பார்த்து வாங்க. அழுகையா? நான் எங்க அழறேன், வெங்காயம்... வெங்காயம் அங்க இருக்குங்கிறீங்களா? பேசாம வாங்க.

ஏங்க! அங்க நின்னுக்கிட்டு என்ன சிரிப்பு? ஊரெல்லாம் பேரைச் சொல்லிட்டேன்னு சிரிப்பா? ஒரு தடவைதான், இனிமே கிடையாது. உளியை எடுத்து வையுங்க. உங்க அடிப்பலகை வருது.