ரெண்டு இலையும் நீலம்

...அதான் ஆள் விட்டு அனுப்பினேன், உங்க பொண்ணு இறங்கி வரல! டீச்சர் கூப்பிட்டா வரணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. மூணாவது மாடி கிளாஸுக்கு நானா ஏறிப் போக முடியும்? என் முட்டி ரெண்டும் போச்சும்மா. படிக்கட்டப் பாத்தாலே வலிக்குது. உக்காருங்க லா, ஏன் நிக்கிறீங்க? ஃபேக்டரி யூனிஃபார்மோட வந்திருக்கீங்க, அரை நாள் லீவா? சீக்கிரம் முடிச்சிடுறேன். சாப்பிட்டுக்கிட்டே பேசுறேன், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு சுகர். நேரத்துக்கு சாப்பிடலன்னா தல சுத்தும்.

எல்லாம் இந்த ஒளிச்சேர்க்கையால வந்தது. இந்த பண்டார் தெங்காராவுல என்ன இருக்கு? அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், இந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், பஸ்ல தூங்கி முழிச்சா அப்பவும் செம்பனை. ஒளிச்சேர்க்கையத் தவிர ஊர்ல ஒன்னுமே நடக்கல! ஆனா செடி எப்படிச் சாப்பிடுதுன்னு கேட்டா ஒருத்தன் சொல்றான், "எங்கப்பா உரம் போடுவாரு டீச்சர், அதச் சாப்பிடும்." நான் என்னத்த சொல்ல? தமிழ்ப்பள்ளியில ஒளிச்சேர்க்கைன்னு நல்லாத்தான் படிச்சிட்டு வராங்க. இங்க இடைநிலைப்பள்ளிக்கு வந்து ஃபோட்டோசிந்தேசிஸ்னு மலாய்ல சொன்னா, ஏதோ புது நோய் பேரக் கேட்ட மாதிரி முழிக்குதுங்க.

சரி, செஞ்சே காட்டிடுவோம்னு ஒரு செம்பருத்தித் தொட்டிய எடுத்தேன். ரெண்டு நாள் ஸ்டோர் ரூம் இருட்டுல வெச்சேன். அப்புறம் ஒரே ஒரு இலைக்கு அலுமினியத் தாள் சுத்தி, செடிய வெயில்ல வெச்சேன். வெயில் பட்ட இலை மாவுச்சத்து செய்யும், மூடின இலை செய்யாது. இலைய வேக வெச்சு, ஸ்பிரிட்டுல பச்சையப் போக்கி, அயோடின் விட்டா மாவுச்சத்து இருக்கிற இலை கருநீலமாயிடும், இல்லாதது பழுப்பா நிக்கும். அவ்ளோதான். என்ன, புரியலையா? இருங்க. இந்தா அயோடின், இந்தா என் சோறு. ஓரத்துல ஒரு சொட்டு... பாத்தீங்களா? கருநீலம்! சோத்துல மாவுச்சத்து இருக்கு. பயப்படாதீங்க, அந்த ஓரத்த நான் சாப்பிட மாட்டேன்.

அன்னிக்கு என்ன ஆச்சுங்கறீங்க? ரெண்டு இலையும் நீலம். மூடின இலையும் நீலம்! அய்யோ, அலமாக்! இலாகாவுல இருந்து மேற்பார்வைக்கு வந்த அம்மா வேற பின்னாடி உக்காந்திருக்காங்க. எனக்கு வேர்த்துப் போச்சு. "மூடின இலை பழுப்பா இருக்கு, எல்லாரும் எழுதிக்குங்க"ன்னு சொல்லிட்டேன். கிளாஸே எழுதுச்சு. யுகேந்திரன் பழுப்புக் கலரே அடிச்சிட்டான், தங்கமான பையன். உங்க பொண்ணு மட்டும் கையத் தூக்குறா. "ரெண்டும் நீலமாத்தானே இருக்கு, டீச்சர்?" உக்காருன்னேன். உக்காந்து என்ன எழுதினா தெரியுமா? "ரெண்டு இலையிலயும் மாவுச்சத்து இருந்தது. ஏன்னு தெரியல." தெரியலையாம்! அத்தன பிள்ளைங்க இருக்க, அந்த மேற்பார்வை அம்மா உங்க லோஷினி எழுதினதத்தான் எடுத்துப் படிக்கணுமா? படிச்சிட்டு என்னப் பாத்து ஒரு சிரிப்பு வேற.

அதுக்காகத்தான் மூவார்ல நடக்கிற அறிவியல் புதிர்ப் போட்டியில இருந்து அவ பேர எடுத்தேன். கோவத்துல இல்லம்மா... சரி, கோவந்தான். நாளைக்குக் காலையில வேன் கிளம்புது, அவ எடத்துல யுகேந்திரன் போறான். அவன் போயி என்னத்தச் சொல்லப் போறான்? இவ இருந்தா ஜெயிச்சிடுவோம், எனக்குத் தெரியாதா? ஸ்கூல் விட்டதும் உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தது நான்தானே. மூடின இலை பழுப்புன்னு மாத்தி எழுதட்டும், ஒரு சாரி சொல்லட்டும், தாராளமா போகட்டும். மாட்டேங்கறா. அழுவறா, ஆனா மாட்டேங்கறா. என்னது, வீட்டுலயும் அழுவறாளா? சாப்பிடவே இல்லையா?

ம்... நான் ஒன்னும் கல்லு இல்லம்மா. எனக்கும் மனசு கேக்கல.

எப்படி நீலமாச்சுன்னு நானும் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். யாரோ அந்தத் தாளப் பிரிச்சுப் பாத்திருக்கணும். கோவிச்சுக்காதீங்க, உங்க பொண்ணாத்தான் இருக்கும், அவளுக்குத்தான் எதையும் பிரிச்சுப் பாக்கணும். இல்லன்னா லேப் சபாபதி ஸ்டோர் ரூம் லைட்ட அணைக்காமப் போயிருப்பாரு. அந்த மனுசன நம்பி ஒன்னும் செய்ய முடியாது! இலைய வேக வெச்சாத்தான் அயோடின் உள்ள எறங்கும், அடுப்பக் குடுங்கன்னு கேட்டா, ரிப்பேராம். மொத நாள் சாயங்காலம் சொல்றாரு! நான் என்ன பண்றது? ரெண்டு இலையயும் பறிச்சு வீட்டுக்குக் கொண்டு போயி, விடிஞ்சதும் வேக வெச்சுக் கொண்டு வந்தேன். அதுக்குன்னு தனியா தண்ணி கூட வெக்கல. எப்படியும் சோறு வடிக்கிறேன்ல. நான் குக்கர்ல வெக்கிறதில்லம்மா, டாக்டர் வேணான்னுட்டாரு. வடிச்சா மாவுச்சத்தெல்லாம் கஞ்சியோட போயிடும், சுகருக்கு நல்லதுன்னாரு. போகுதும்மா, நெசமாவே போகுது! கஞ்சி பச மாதிரி நிக்கும். கொதிக்கக் கொதிக்க அத எதுக்கு வீணா கீழ ஊத்தணும்னு, ரெண்டு இலையயும் அந்தக் கஞ்சியிலயே முக்கி...

முக்கி...

கஞ்சியில.

லேசா அலசினேனே. கொழாயில காட்டி, லேசா...

அம்மா, என் சோத்த அப்படிப் பாக்காதீங்க.

ரெண்டு இலையிலயும் மாவுச்சத்து இருந்ததுன்னு எழுதினா. இருந்துச்சும்மா. நான்தான் ஊட்டி விட்டிருக்கேன். ஏன்னு தெரியலன்னு எழுதினா. அவளுக்கு எப்படித் தெரியும், அவளா என் அடுப்படியில நின்னா? நின்ன எனக்கே இப்பத்தானே தெரியுது. பாவம், பச்சப் புள்ள... பட்டினி கெடக்குதே.

எங்க எழுந்திட்டீங்க? அவளக் கூப்பிடவா? வேணாம், வேணாம், அவ இறங்க வேணாம். மூணாவது மாடிதானே, போயிடலாம். கையக் குடுங்க, கொஞ்சம் பிடிச்சுக்கறேன். யுகேந்திரனுக்கு நான் சொல்லிக்கறேன், அவனுக்கு வேன்ல ஏறினாலே வாந்தி வரும், சந்தோசப்படுவான். அய்யோ, முட்டி... பரவால்ல, நடங்க. இருங்க, அந்தச் சோத்து டப்பாவயும் எடுத்துக்குங்க. மூட வேணாம். ஏன் நீலமாச்சுன்னு அவ பாக்கட்டும்.