பின்வாசல் இல்லாத குகை

இந்த அறையில் வெளிச்சம் கொஞ்சம் கூடுதல். குறையாகச் சொல்லவில்லை. குகைக்குக் காவல் இருந்து இருந்து என் கண் அப்படிப் பழகிவிட்டது. ஜன்னல் இல்லாததும், கதவை வெளியே பூட்டியிருப்பதும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நீங்கள்தான் பாவம், வியர்த்து வழிகிறீர்கள். டீயைக் குடித்துவிட்டு நிதானமாக எழுதுங்கள்.

எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. "வௌவால் வீட்டுக்கு விருந்து போனா நாமளும் தலைகீழாத்தான் தொங்கணும்" என்று சொல்லிச் சொல்லியே என் தங்கை என் வீட்டுப் பக்கம் வரமாட்டாள். வரவேண்டாம். வௌவால் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், தெரியுமா? ரோமம்கூட முளைக்காத சின்ன உயிர். ஆள் அரவம் கேட்டால் தாய்கள் மிரண்டு பறக்கும். குட்டிகள் கீழே விழும். விழுந்ததை வண்டுகள் மொய்த்து உயிரோடு தின்னும். ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் குட்டிகள் இருக்கும் உள்ளறைக்கு யாரையும் விடவில்லை. நானும் போவதில்லை. காவல்காரன் என்றால் மட்டும் கொம்பு முளைத்திருக்கிறதா? சில வருஷங்களாக அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அறைக்குப் பின்னால், மலையின் மறுபக்கம், ஒரு வாசல் உண்டு. கல்லடுக்கி அதை நானே அடைத்தேன். எனக்குச் சம்பளம் தரும் வன அலுவலகத்துக்கு வரைந்து கொடுத்த வரைபடத்திலும் அதைக் காட்டவில்லை. தெரிந்தால் யாராவது வருவார்கள் அல்லவா?

தங்கையின் கணவர் அந்த அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். குகையில் வௌவால் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவர அவரை அனுப்பினார்கள். இல்லையென்றால் சுற்றுலாவுக்குத் திறந்துவிடுவார்களாம். எனக்கு வேறு எங்காவது வேலை தருவார்களாம். குட்டி போடும் காலம், இப்போது வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது பாதையில் பாறை சரிந்து மாட்டிக்கொண்டார். பாறையை நான் சரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரிந்த பாறைகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தது. அந்தப் பக்கம் அவர் முகம். அந்த இடுக்குவரை ஊர்ந்து போக என்னைப் போன்ற நோஞ்சானால்தான் முடியும். மீட்புக்கு வந்தவர்கள் எல்லாம் வாட்டசாட்டமான ஆட்கள். ஆகவே அவர் பேச்சை நான்தான் வெளியே கொண்டுவர வேண்டும், அவர்கள் பேச்சை நான்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

"மச்சான், கால் மாட்டிக்கிச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "உள்ளறை வழியா வரச் சொல்லுங்க. பின்னாடி வாசல் இருக்கு, யாரோ கல்லு வச்சு அடைச்சிருக்காங்க. இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சுது. அடைச்சதுல அங்க காத்தே இல்ல. வௌவால் ஒண்ணுகூட இல்ல மச்சான்."

உயிருக்குப் பயந்தவன் எதைத்தான் சொல்ல மாட்டான்? எனக்குக் கோபம் வரவில்லை. "சொல்றேன் மாப்ள. கத்தாம இருங்க, குட்டிங்க விழுந்துடும்," என்றேன்.

வெளியே மீட்புப் படைத் தலைவர் என் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். முன்பக்கமாகப் பாறையை உடைத்துப் போனால் ஆள் தாங்குவது சந்தேகம் என்றார். வேறு வழி உண்டா என்று கேட்டார். தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உனக்குத் தெரியாத பொந்து இந்த மலையில கிடையாது. யோசிச்சுச் சொல்லுண்ணே."

யோசித்தேன். கடப்பாரையும் விளக்குமாக ஒரு கூட்டம் அந்தக் குட்டிகளுக்கு நடுவே நுழைவதை நினைத்துப் பார்த்தேன். "இல்லம்மா," என்றேன். அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அதன்பிறகும் பலமுறை உள்ளே போய்வந்தேன். குழாய் வழியாகத் தண்ணீர் கொடுத்தேன். பின்வாசல் கல்லைப் பிரிக்கிறார்கள் என்று தைரியம் சொன்னேன்.

"சத்தமே கேக்கலியே?"

"பக்குவமா எடுக்கறாங்க மாப்ள. குட்டிங்க இருக்குல்ல."

அவர் குழாயைத் தள்ளிவிட்டார். பிறகு, "அந்தக் கல்ல அடுக்கினது நீங்கதானா மச்சான்?" என்றார்.

நான் பொய் சொல்லிப் பழகாதவன். ஆமாம் என்றேன். அவர் கத்துவதற்கு மூச்சை இழுத்தார். இடுக்கில் கையை விட்டு வாயைப் பொத்தினேன். மூக்கும் சேர்ந்துதான் அகப்பட்டது. இருட்டில் என்ன தெரியும்? அழுகிற பிள்ளையை அமர்த்துகிற மாதிரி, அடங்கும்வரை பிடித்திருந்தேன். அடங்கிவிட்டார். வெளியே வந்து, தூங்குகிறார் என்று தங்கையிடம் சொன்னேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

மேசையில் நீங்கள் பரப்பியிருக்கும் உள்ளறைப் படங்களைப் பார்த்தேன். கூரை வெறுமையாகத்தான் இருக்கிறது. எச்சமெல்லாம் பழசு, பொடியாகிவிட்டது, வாசலை அடைத்ததுமே வௌவால்கள் போய்விட்டன என்கிறார் உங்கள் நிபுணர். படித்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும். அங்கே குட்டிகள் இல்லாமலா நான் என் தங்கை கணவரின் வாயைப் பொத்தியிருப்பேன்? படத்தை நன்றாகப் பாருங்கள். தரையில் ஒரு குட்டிகூட விழுந்து கிடக்கவில்லை.