மருந்துப் பேரைச் சொன்னா என்னங்க?

...பேரைச் சொன்னது ஒரு குத்தமாங்க? சீட்டைக் குடுங்க ஐயா, அந்த ஸ்டூல்ல உக்காருங்க, எடுத்துத் தரேன். இந்த மருந்துக்கடை முதலாளி யாருன்னு நினைக்கிறீங்க? என் பொண்டாட்டியோட தம்பி. சின்னப் பையனா இருக்கறப்ப அவன் மூக்கைத் தொடச்சு விட்டவன் நான். அவன் இன்னைக்குக் காலையில ஷட்டரைத் தூக்கின கையோட சொல்றான், 'மாமா, இனி ஒருத்தர் மருந்து வாங்காமத் திரும்பிப் போனாக்கூட, நீங்க வீட்லயே இருந்துக்குங்க'ன்னு. வீட்லயா? நாள் பூரா அவங்க அக்காகூடவா? கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேணாமா...

அப்படி என்ன பண்ணிட்டேன்? நேத்து ஒரு அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தாங்க. அட்ரோபின். கண்ணுப்பாப்பாவை விரிய வைக்கும், இதயம் ரொம்ப மெதுவாத் துடிச்சா ஊசியாப் போடுவாங்க, பூச்சி மருந்து உள்ள போனவங்களைக்கூடக் காப்பாத்தும். தங்கமான மருந்து. பேரு எங்கேருந்து வந்துச்சுன்னும் சொல்லி வைப்போமேன்னு, 'கிரேக்கக் கதையில மனுஷங்களோட உயிர் நூலை அறுக்கற தேவதை ஒருத்தி, அவ பேருதாம்மா'ன்னேன். அவ்ளோதான். கண்ணு சரியாத் தெரியலைன்னு வந்தவங்க, படி இறங்கின வேகத்தைப் பாத்திருக்கணும் நீங்க.

அதனால இன்னைக்கு வாயே திறக்கறதில்லைன்னு இருக்கேன். இந்தாங்க உங்க மாத்திரை. வார்ஃபரின். ரத்தம் உறையாம பாத்துக்கும், உங்களை மாதிரி இதய வால்வு மாத்தினவங்களுக்கு எழுதுவாங்க. டாக்டர் சொன்ன அளவுதான், கூட்டக் குறைக்கக் கூடாது. பேரு... வேணாம், விடுங்க.

இல்ல, இது கெட்ட பேரு இல்லீங்க. ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்த அமைப்போட முதலெழுத்துங்களைச் சேத்து, வால்ல ஒரு ரசாயனப் பேரை ஒட்டி வெச்சாங்க. இதுல பயப்பட என்ன இருக்கு? கெட்டுப்போன தீவனத்தைத் தின்ன மாடுங்க ரத்தம் கொட்டிச் செத்துச்சு, ஏன்னு தேடினப்ப கிடைச்ச சரக்கோட வம்சம் இது. மொதல்ல மனுஷனுக்குக் குடுக்கலை, எலிக்குத்தான் வெச்சாங்க. எலி என்னாச்சுன்னு நீங்க கேக்கலை, நானே சொல்றேன், போய்ச் சேந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் மனுஷனுக்கு... ஐயா? ஏன் எழுந்துட்டீங்க? மாத்திரையை வெச்சுட்டுப் போறீங்களே...

போச்சு, மச்சினன் வேற உள்ளேருந்து பாக்கறான். ஐயா, நில்லுங்க. இதை நிறுத்தினா ரத்தம் கட்டிக்கும் ஐயா, நிஜமாவே உயிருக்கு ஆபத்து. அப்படி ஓடாதீங்க, வால்வு மாத்தின உடம்பு... யாராச்சும் அவரைப் பிடிங்கப்பா, நான் அவருக்கு இந்த எலி மருந்தைக் குடுத்தே ஆகணும்.