சுருளாத இலைகள்

1957 நவம்பர் 24, ஞாயிறு.

சென்ற வாரம் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. பூவரசம் இலையைப் புழு வாயால் இழுத்துச் சுருட்டுகிறது என்று எழுதியிருந்தேன். இன்று மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நூல் கட்டுகிறது. அவ்வளவுதான். நூல் காய்ந்து சுருங்கும்போது இலை தானாக வளைகிறது. புழு எதையும் இழுப்பதில்லை.

பிழையைத் திருத்த உட்கார்ந்த கையோடு மற்றதையும் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. அரைகுறையாக விட்டால் தூக்கம் வராது.

பகலில் சாயல்குடிப் பருத்திக் கிட்டங்கியில் மூட்டை அடுக்குகிறேன். மாலை வகுப்பில் வாத்தியார், ஏதாவது ஓர் உயிரைத் தொடர்ந்து கவனித்து எழுதச் சொன்னார். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது என்றார். என் குடிசைக்கும் பால்சாமி அண்ணன் குடிசைக்கும் நடுவில் ஒரு பூவரசு நிற்கிறது. அதிலிருந்த இலைச்சுருட்டிப் பூச்சியை எடுத்துக்கொண்டேன்.

வைக்கோல் நிறம். இறக்கையில் பழுப்பு நெளிகோடுகள். பகலில் இலைக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும். புழு கண்ணாடி போன்ற பச்சை, தலை மட்டும் கறுப்பு. தொட்டால் பின்பக்கமாக ஓடி நூலில் தொங்கும். சுருளுக்குள்ளேயே தின்று, அங்கேயே கழிந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகிறது. பருத்தியிலும் இதே பூச்சிதான் விழுகிறது. அதனால் என் வேலை பருத்தி போடும் நாலு சம்சாரிகளுக்கு உதவும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பால்சாமி அண்ணன் கடலுக்குப் போகும்போதெல்லாம் மரத்தடியில் ஒரு நிமிஷம் நிற்பார்.

"ஏலே சோணைமுத்து, ஒம் புள்ளைக எல்லாம் பாய சுருட்டிக்கிட்டு ஒறங்குதாக்கும்? எந்திரிச்சா சொல்லு, பள்ளிக்கூடத்துல சேத்துவிடுவோம்."

கெட்ட மனுஷர் இல்லை. எனக்குக் கோபமும் இல்லை. இதை எழுதிவைப்பது அவசியம்.

புழு சுருளுக்குள் இருக்கும்போது மருந்து அதற்கு எட்டுமா என்பதுதான் என் கேள்வி. கிட்டங்கியில் பருத்திப் புழுவுக்கென்று பாஷாணப் பொடி வாங்கி வைத்திருந்தார்கள். கொஞ்சம் எடுத்து வந்தேன். பனியிலும் தூறலிலும் போகாமல் ஒட்டிப் பிடிக்க, சோற்றுக் கஞ்சியில் கரைத்தேன். ஈர்க்குமாற்றால் கைக்கு எட்டும் கிளைகளிலெல்லாம் தெளித்தேன். மறுநாள் சுருள்களைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. மருந்து முழுவதும் விரிந்த இலைகளின் மேல்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் பால்சாமி அண்ணன் மனைவி முருகம்மாள் மதினி இலை பறிக்க வந்தார். பூவரசம் இலையில் வெல்ல மாவை வைத்து மடித்து அவித்த கொழுக்கட்டை என்றால் அண்ணனுக்கு உயிர். கடலுக்கும் கட்டிக்கொண்டு போவார். மதினிக்குப் பூச்சி அரித்த இலை ஆகாது. சுருண்டதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, விரிந்ததாக, முழுசாகப் பார்த்துப் பறித்தார். நான் வாசலில் நின்றேன்.

"என்ன தம்பி அப்பிடிப் பாக்குறீக? ஒங்க புழுவ நான் தொடவே இல்ல. நல்ல இலையாத்தான் பறிக்கேன்."

"பறிங்க மதினி," என்றேன்.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அன்றைக்கே மரத்தை வெட்டிவிடுவார்கள். கவனித்தது எல்லாம் பாதியில் நின்றுபோகும். அதோடு, ஆவியில் வெந்தால் விஷம் முறிந்துவிடுமோ என்றும் ஓர் எண்ணம். உறுதியாகத் தெரியாததை எப்படிச் சொல்வது? மதினி இலைகளைக் கழுவினார். பார்த்தேன். கழுவினால் போகாமலிருக்கத்தான் கஞ்சி ஊற்றியது என்பதும் நினைவிருந்தது.

மதினிக்குப் பல்வலி, வெல்லம் சேர்த்த எதையும் தொடுவதில்லை. எல்லாவற்றையும் அண்ணனுக்கே கட்டிக்கொடுத்தார். மறுநாள் உச்சிப்பொழுதில் கூட்டாளிகள் அவரைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. கம்பவுண்டர் வந்தார்.

"என்னத்தம்மா தின்னாரு?"

"நான் அவிச்ச கொழுக்கட்டைதாங்கய்யா. வேறொண்ணும் இல்ல. கெணத்துத் தண்ணி சரியில்லையோ என்னமோ."

கம்பவுண்டர் கிணற்றை எட்டிப் பார்த்தார். காலரா மருந்து கொடுத்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். விடியுமுன் போய்விட்டார்.

என் மருந்தால்தான் இறந்தார் என்று அன்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்: அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் கரையோரம் வேறு இடங்களிலும் காலரா இருந்தது. ஒருவரை வைத்து முடிவு சொல்வது முறையல்ல. இந்தச் சந்தேகம்தான் என்னை வாட்டுகிறது. சரியாகத் தெரிந்துவிட்டால் மனம் ஆறும். போய்ச் சொல்லவும் சொல்லலாம்.

இடையில் பெய்த தூறலில் மருந்து கொஞ்சம் போயிருக்கும் என்று நேற்று மறுபடியும் தெளித்தேன். இந்த முறை கஞ்சி கெட்டியாக இருந்தது.

சற்றுமுன் மதினி வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"நாளைக்குக் கருமாதி தம்பி. ஒங்க அண்ணனுக்குக் கொழுக்கட்டைதான் படைக்கணும். சொந்தஞ்சனம், அவுக கூடக் கடலுக்குப் போன ஆளுக எல்லாரும் வருவாக. எனக்கு அந்த மரத்துக்கிட்ட வரவே ஏலல. நீங்களே பறிச்சுக் குடுங்களேன். எல நெறைய வேணும்."

துக்கத்தில் இருப்பவர் கேட்கும்போது மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாளைய வேலை: விடிந்ததும், கிட்டங்கிக்குப் போகும் முன், முருகம்மாள் மதினிக்குப் பூச்சி அரிக்காத நல்ல இலைகளாகப் பார்த்துப் பறித்துக் கொடுக்க வேண்டும்.